குப்பை இலவசம் இல்லை: வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கும் 200 வருடக் கதை

இந்த எபிசோடை ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 10. ஹரியானாவில் இருக்கிற பானிபட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டிய ஓர் ஆலையைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. வருஷத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை உள்ளே போட்டு, 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதுதான் திட்டம். நவம்பர் வந்தா டெல்லி மூச்சு முட்டுதே, அதுக்கு ஒரு காரணம் அந்தப் பக்கத்து வயல்கள்ல எரியிற வைக்கோல். அதை எரிக்காம, பெட்ரோல்ல கலக்கிற எரிபொருளா மாத்திட்டா? ஒரே கல்லுல ரெண்டு மாங்காய். நான் அந்தச் செய்தியை எங்க டீம் குரூப்ல போட்டு, "பிரச்சினை சால்வ்ட்" அப்படின்னு எழுதினேன்.

எங்க டீம்ல ஒருத்தன் இருக்கான். சொந்த ஊர் கர்னால் பக்கம், பானிபட்டுக்கு அடுத்த மாவட்டம். வீட்டுல நெல்லும் கோதுமையும் போடுறாங்க. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நல்லதுதான். எங்க வயல்ல கிடக்கிறதை அது வரைக்கும் யார் கொண்டுபோவாங்க?"

ஒரு ஸ்மைலி போட்டுத் தப்பிச்சேன். ஆனா கேள்வி மண்டைக்குள்ளயே உட்கார்ந்துக்கிச்சு. பதில் தேடிப் போனா, கதை 1819 வரைக்கும் பின்னாடி போகுது. நடுவுல ரெண்டு உலகப் போர், சோவியத் யூனியன், பூஞ்சை பிடிச்ச ஒரு ராணுவக் கூடாரம், அமெரிக்காவில் வரிசையா மூடின ஆலைகள் எல்லாம் வருது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

இட்லியும் காட்டன் சட்டையும்

முதல்ல கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான்.

காலையில நீங்க சாப்பிட்ட இட்லியில் இருக்கிற மாவுச்சத்து, க்ளுக்கோஸ் மூலக்கூறுகளை வரிசையா கோத்த ஒரு சங்கிலி. நீங்க போட்டிருக்கிற காட்டன் சட்டையில் இருக்கிற செல்லுலோஸும் அதே க்ளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். ஒரு க்ளுக்கோஸ் அடுத்த க்ளுக்கோஸோட எப்படி இணையுதுங்கிறதுல மட்டும்தான் வித்தியாசம். மாவுச்சத்தில் சங்கிலி சுருண்டு சுருண்டு போகும். தண்ணியும் நொதியும் உள்ளே நுழையும். நம்ம எச்சில் கூட அதை வெட்ட ஆரம்பிச்சிடும். செல்லுலோஸில் சங்கிலி நேரா நிக்கும். பக்கத்துச் சங்கிலியோட ஒட்டிக்கிட்டு, படிகம் மாதிரி இறுகிடும். அதனாலதான் இட்லியைச் சாப்பிடலாம், சட்டையைச் சாப்பிட முடியாது.

வைக்கோல், மரத்தூள், கரும்புச் சக்கை, சோளத்தட்டை எல்லாத்துலயும் இந்தச் செல்லுலோஸ் இருக்கு. ஆனா சட்டையில இருக்கிற மாதிரி சுத்தமா இல்ல. சுத்தி ஹெமிசெல்லுலோஸ்னு இன்னொரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. எல்லாத்தையும் ஒட்டிப் பிடிச்சுக்க லிக்னின்னு ஒரு பொருள். கட்டடத்தோட ஒப்பிட்டா, செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமென்ட். மரம் வருஷக்கணக்கா மழையில நனைஞ்சும் கரையாம நிக்கிறது இதனாலதான்.

இந்தக் கோட்டையை முதல்ல உடைச்சவர் ஹென்றி பிராகோனோ. பிரான்ஸில் நான்சி நகரத்து வேதியியலாளர். 1819-ல் பழைய லினன் துணியையும் மரத்தூளையும் அடர் கந்தக அமிலத்தில் போட்டு, பிறகு தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்தார். சர்க்கரை கிடைத்தது. கந்தல் துணியிலிருந்து சர்க்கரை! செல்லுலோஸ்னு ஒரு பேரே அப்போ கிடையாது. ஏறக்குறைய 20 வருஷம் கழிச்சுத்தான் அன்செல்ம் பாயென் அந்தப் பொருளைத் தனியாப் பிரிச்சு அடையாளம் காட்டினார்.

கணக்கும் ஆசை காட்டுற கணக்கு. சங்கிலி உடையும்போது ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேருது. அதனால 100 கிலோ சுத்தமான செல்லுலோஸ் முழுசா உடைஞ்சா 111 கிலோ க்ளுக்கோஸ் வரணும். அதை ஈஸ்ட் நொதிக்க வெச்சா, எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல எத்தனாலா மாறும். மீதி கார்பன் டை ஆக்சைடு.

ஆக, டெமோ 1819-லயே ஓடிடுச்சு. ஆனா நம்ம துறையில இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், டெமோ ஓடுறது வேற, ப்ரொடக்‌ஷன்ல ஓடுறது வேற.

மரத்தூளும் உலகப் போரும்

இதை வியாபாரமாக்கும் முதல் முயற்சி 1898-ல் ஜெர்மனியில் நடந்தது. நீர்த்த அமிலத்தில் மரக்கழிவை வேகவைக்கும் முறை. 100 கிலோ மரக்கழிவுக்குச் சுமார் 7.6 லிட்டர் எத்தனால் கிடைத்தது. சூடும் அமிலமும் செல்லுலோஸை உடைக்கும், சரி. ஆனா அதே சூடும் அமிலமும் கிடைச்ச சர்க்கரையையும் சேர்த்துச் சிதைக்கும். பாகு காய்ச்சும்போது கொஞ்சம் கவனம் தப்பினா கருகிடுதே, அந்த மாதிரி.

அடுத்து அமெரிக்கா. 1910-களில் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுனிலும் லூசியானாவின் ஃபுல்லர்டனிலும் ரெண்டு ஆலைகள். பெரிய மர அறுவை ஆலைகளின் பக்கத்திலேயே கட்டினார்கள். மரத்தூள் அங்கேயே மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், அதைத் தள்ளிவிட்டாலே போதும். நாளுக்கு 5,000 முதல் 7,000 காலன் வரைக்கும் எத்தனால் எடுத்தாங்க. முதல் உலகப் போர் முடிந்ததும் ரெண்டும் மூடின. காரணம் வேதியியல் இல்ல. அந்தப் பகுதிகளில் மரம் அறுப்பது குறைந்தது, அதனால மரத்தூளும் குறைந்தது. சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து எடுக்கும் எத்தனாலும் மலிவா கிடைச்சது.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. கழிவை நம்பி நடக்கிற தொழில் உண்மையில இன்னொருத்தரோட தொழிலை நம்பித்தான் நடக்குது. அறுவை ஆலைக்காரர் கடையை மூடினா, மரத்தூளை நம்பினவரும் மூடணும்.

ஜெர்மனி விடவில்லை. எண்ணெய் வளம் இல்லாத நாடு, அடுத்த போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாடு. ஃப்ரீட்ரிக் பெர்கியுஸ், 1931-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மரத்தைச் சர்க்கரையாக்கும் முறையை உருவாக்கினார். நீர்த்த கந்தக அமிலத்தை மரச் சில்லுகள் வழியே வடிய விடும் இன்னொரு முறையை ஹைன்ரிக் ஷோலர் உருவாக்கினார். காபி டிகாக்‌ஷன் இறக்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரெண்டுமே ஆலை அளவுக்கு வளர்ந்தன.

சோவியத் யூனியன் 1930-களிலிருந்து இதை ஒரு தனித் தொழில்துறையாவே கட்டியது. இந்தக் கதையிலேயே மனசை ரொம்பப் பிசைஞ்ச பகுதி இங்கதான் வருது. 1941-லிருந்து லெனின்கிராட் நகரத்தை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டு, உணவு உள்ளே வரும் வழிகளை அடைத்தன. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அப்போது, மரத்தைச் சர்க்கரையாக்கும் ஆராய்ச்சியில் இருந்த வாசிலி ஷார்கோவ் என்கிற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும், மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸைப் பதப்படுத்தி ரொட்டி மாவில் கலக்கக் கொடுத்தார்கள். மரச் சர்க்கரையில் ஈஸ்ட் வளர்த்து அதைப் புரதமாகக் கொடுத்தார்கள். செல்லுலோஸ் நம்ம உடம்புல செரிக்காது. ரொட்டியின் அளவை மட்டும் கூட்டும். ஈஸ்ட் அப்படி இல்ல, அது நிஜமான சாப்பாடு. உள்ளே இருந்த நகரம் அதைத் தின்னு தாக்குப்பிடித்தது. ஆய்வகத்துல சாதாரணமா எழுதுற "செல்லுலோஸிலிருந்து சர்க்கரை"ங்கிற வரி, ஒரு ஊருக்கு அப்படி ஓர் அர்த்தத்தோட வந்திருக்கு.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவுக்கும் எத்தனால் தட்டுப்பாடு. குடிக்க இல்ல, செயற்கை ரப்பர் செய்ய. ஷோலர் முறையை விஸ்கான்சினின் மேடிசனில் இருந்த வன ஆய்வகம் மேம்படுத்தியது. ஆரிகனின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஓர் ஆலை கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. அவசரம் போனது, காசும் போனது. அந்த ஆலை கொஞ்ச காலம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

சோவியத் ஆலைகள் மட்டும் பல பத்தாண்டுகள் ஓடின. லாபம் வருதான்னு சந்தை கேட்காத நாடு அது. 1991-க்குப் பிறகு சந்தை கேட்க ஆரம்பித்தது. பெரும்பாலான ஆலைகள் மூடின.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

அமிலத்தை விட்டுட்டு இப்போ உயிரியலுக்கு வருவோம். அதுக்கு நாம போக வேண்டிய இடம், பசிபிக் கடலில் சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு அங்கே ஜப்பான் ஓர் எதிரி. இன்னோர் எதிரி ஈரம். காட்டன் கூடாரம், பெல்ட், சீருடை எல்லாம் கண் முன்னாலேயே மக்கிப் பொத்தலாகிக்கொண்டிருந்தன. யார் இதைத் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, மக்கிய துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சேகரித்தார்கள். அதில் ஒன்றுக்குக் கொடுத்த அடையாள எண் க்யூஎம் 6ஏ. பூகன்வில்லில் மக்கிக்கிடந்த காட்டன் கேன்வாஸிலிருந்து எடுத்தது.

எல்வின் ரீஸ், மேரி மேண்டெல்ஸ் இருவரும் ராணுவ ஆய்வகத்தில் இதை ஆராய்ந்தவர்கள். அந்த ஆய்வகம் பிறகு மாசசூசெட்ஸின் நேட்டிக் நகருக்கு மாறியது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பூஞ்சையை நிறுத்துவது. ஆனா இந்தப் பூஞ்சை தன் உடம்புக்கு வெளியே நொதிகளைக் கொட்டுது, அதுவும் ஏராளமா. படிகம் மாதிரி இறுகின செல்லுலோஸை, அமிலம் இல்லாம, கொதிக்கவைக்காம, சாதாரண சூட்டுல சர்க்கரையா வெட்டுது. சர்க்கரையும் கருகாது. 1819-லிருந்து ஆட்கள் தேடிக்கிட்டிருந்த கத்தரிக்கோல் இதுதான்.

எதிரியை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 1970-களில், எண்ணெய் நெருக்கடி வந்த காலத்தில், பழைய செய்தித்தாளை அரைத்து இந்த நொதிகளால் சர்க்கரையாக்கும் முறையை நேட்டிக்கில் வளர்த்தார்கள். 1977-ல் அந்தப் பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே வைத்தார்கள்: ட்ரைக்கோடெர்மா ரீசி. இன்னைக்குத் தொழிற்சாலைகளில் இந்த இனத்தின் பேரால் ஓடும் பூஞ்சைகள் எல்லாம் அந்த ஒரே கூடாரத் துணியிலிருந்து வந்த க்யூஎம் 6ஏவின் வாரிசுகள்.

உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சா, அலமாரியைத் திறந்து பாருங்க. திருப்பூர்ல "பயோ வாஷ்" பண்ண டி-ஷர்ட்டுன்னு விக்கிறாங்களே, துணி மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பஞ்சு இழைகளைத் தின்னு மழமழப்பாக்குறது இந்த வகைச் செல்லுலேஸ் நொதிதான். ஜீன்ஸை வெளுக்க வைக்கவும் இதைத்தான் பயன்படுத்துறாங்க. ராணுவப் பேன்ட்டைத் தின்ன பூஞ்சையோட பரம்பரை இப்போ ஃபேஷனுக்கு வேலை செய்யுது.

இன்னொரு தடையும் விழுந்தது. ஹெமிசெல்லுலோஸ் உடைந்தால் சைலோஸ் என்கிற வேறு சர்க்கரை வரும். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்ரம், ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வேறொரு பாக்டீரியாவின் மரபணுக்களைச் செருகி, சைலோஸிலிருந்தும் எத்தனால் எடுக்க வைத்தார். அதற்கு 1991-ல் கொடுக்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையின் எண் சரியாக 50 லட்சம்.

இப்போ பட்டியலைப் பாருங்க. கத்தரிக்கோல் கிடைச்சாச்சு. சைலோஸைத் தின்ன ஆள் கிடைச்சாச்சு. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க எரிசக்தித் துறையின் பணத்தில் நொதியின் விலையையும் பல மடங்கு குறைச்சாச்சு. இனி என்ன தடை?

சட்டம் போட்டா எரிபொருள் வருமா?

2006-ல் அதிபர் ஜார்ஜ் புஷ், நாடாளுமன்ற உரையில், மரச் சில்லிலிருந்தும் தட்டையிலிருந்தும் ஒரு வகைப் புல்லிலிருந்தும் எடுக்கும் எத்தனாலை ஆறே வருஷத்தில் சந்தையில் போட்டி போடும் நிலைக்குக் கொண்டுவருவதே இலக்கு என்றார். 2007-ல் சட்டமே வந்தது. 2010-ல் 10 கோடி காலன், 2022-ல் 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் கலந்தே ஆக வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள்.

டெட்லைனை முதல்ல அறிவிச்சிட்டு, அப்புறம் டீமைக் கூப்பிட்டு "எப்படிச் செய்யப் போறீங்க"ன்னு கேக்குற மேனேஜரை நீங்களும் பார்த்திருப்பீங்க.

2010-க்கான 10 கோடியை அரசே 65 லட்சமாகக் குறைத்தது. அதுவும் வரவில்லை. ஜார்ஜியாவின் சோப்பர்டனில் பைன் மரக்கழிவை நம்பிக் கட்டிய ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் ஆலைக்கு 7.6 கோடி டாலர் அரசு மானியமும் 8 கோடி டாலர் கடன் உத்தரவாதமும் கிடைத்திருந்தன. 2011-ல் மூடியது. அடுத்த ஜனவரியில் ஆலை விலைபோனது 51 லட்சம் டாலருக்கு.

இன்னொரு கூத்தும் நடந்தது. சந்தையில் இல்லாத எரிபொருளைக் கலக்காததற்காக, சுத்திகரிப்பு நிறுவனங்கள் அரசிடம் காசு கொடுத்து விலக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-க்கான இலக்கை ரத்து செய்தது. ஒரு தொழிலை ஊக்குவிக்கணுமேங்கிற ஆசையைக் கணிப்பாகக் காட்டக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அயோவாவின் மண்

2014-ல் நிலைமை மாறிய மாதிரி இருந்தது. செப்டம்பரில் அயோவாவின் எம்மட்ஸ்பர்க்கில் பொயட்-டிஎஸ்எம் ஆலை திறந்தது. டச்சு நிறுவனத்தின் பங்கும் இருந்ததால் நெதர்லாந்து மன்னரே விழாவுக்கு வந்தார். அக்டோபரில் கான்சாஸில் அபெங்கோவா ஆலை. 2015 அக்டோபரில் அயோவாவின் நெவாடா என்ற சிற்றூரில் டூபான்ட் ஆலை. வருஷத்துக்கு 3 கோடி காலன் எடுக்கும் திட்டம். 30 மைல் சுற்றளவில் சுமார் 500 விவசாயிகளிடமிருந்து 3,75,000 டன் மக்காச்சோளத் தட்டை வாங்க ஏற்பாடு.

அபெங்கோவா ஒரு வருஷம் தாண்டியதும் நின்றது, தாய் நிறுவனமே கடனில் மூழ்கியது. டூபான்ட் 2017 நவம்பரில் ஆலையை விற்கப்போவதாக அறிவித்தது. எம்மட்ஸ்பர்க் 2019-ல் வணிக உற்பத்தியை நிறுத்தியது.

வெளிக் காரணங்கள் இருந்தன. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2015 தொடக்கத்தில் 50-க்கும் கீழே போனது. ஆனா உள் காரணம் ஒண்ணு இருக்கு. அது ரொம்ப எளிமையானது. மண்.

தட்டை வயல்ல தரையில கிடக்கும். அதை வாரிக் கட்டும்போது மண்ணும் மணலும் கல்லும் சேர்ந்து வரும். ஆய்வகத்துல டெஸ்ட் பண்ணது கழுவிக் காயவெச்ச, ஒரே அளவுல வெட்டின சாம்பிள். ஆலைக்கு வந்தது, ஒரு கட்டு ஈரமா, ஒரு கட்டு காய்ஞ்சு, ஒரு கட்டு பாதி மக்கி. மணல் இயந்திரத்தைத் தேய்க்கும். நார் குழாயில் அடைக்கும். கன்வேயர் நிற்கும். நொதி வேலை செய்யத் தயாரா உட்கார்ந்திருக்கு, சாப்பாடு வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. டெவலப்பர் பாஷையில சொன்னா, மாடல் அருமை, இன்புட் டேட்டா குப்பை.

அறுவடை சில வாரம்தான், ஆலை வருஷம் முழுக்க ஓடணும். அதனால வருஷத் தீனியை ஒரே சீசன்ல வாரி, கட்டி, ஏத்தி, அடுக்கி, மழையிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பாத்தணும். இந்தச் செலவெல்லாம் சேர்ந்தபோது "இலவசமாகக் கிடைக்கும் கழிவு" என்ற பேச்சே அடிபட்டுப்போச்சு.

அப்போ எங்கயுமே இது நிலைக்கலையா? நிலைச்சிருக்கு. நார்வேயின் சார்ப்ஸ்போரியில் போரிகார்ட் நிறுவனம் 1938-லிருந்து மரத்தின் சர்க்கரையிலிருந்து எத்தனால் எடுக்கிறது. அந்த மரம் ஆலைக்கு வருவது செல்லுலோஸுக்காக. சர்க்கரை கலந்த சாறு அதன் உபரி. லிக்னினிலிருந்து ஐஸ்க்ரீமுக்கான வெனிலா வாசனைப் பொருள் வரைக்கும் எடுக்கிறார்கள். பிரேசிலில் ராய்சென் நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கிறது. சக்கை ஏற்கெனவே சர்க்கரை ஆலையின் வாசல்ல குவிஞ்சு கிடக்கு, கரும்போட கூடவே வந்தது. அங்கயும் செலவும் சிக்கலும் உண்டு, ஆனா தீனி தேடி வயல் வயலா அலைய வேண்டியதில்ல.

ரெண்டுலயும் ஒரே ஒற்றுமை. கழிவு வேற வேலையா, வேற யாரோ செலவுல, வாசலுக்கே வந்துடுது. ஜார்ஜ்டவுன் ஆலையும் அப்படித்தான் பொழச்சது. மரத்தூள் வர்றது நின்னதும் செத்தது.

பானிபட் கணக்கு

இப்போ என் நண்பன் கேள்விக்கு வருவோம். யார் கொண்டுபோவாங்க?

முதல்ல, ஏன் எரிக்கிறாங்க? எங்க தாத்தா வீடு கும்பகோணம் பக்கம். அங்க வைக்கோல்னா சொத்து. போர் போட்டு வெச்சு, வருஷம் முழுக்க மாட்டுக்குப் போடுவாங்க. இப்போ இயந்திரம் வந்து உருளையா சுருட்டிக் கட்டுது, லாரியில கேரளா வரைக்கும் போகுது. கடைசியில தின்ன ஒரு மாடு காத்துக்கிட்டிருக்கு, அதனால வைக்கோல் கட்டுக்கு ஒரு விலை இருக்கு. விலை இருக்கிறதால அது வயலைவிட்டு நகருது.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மாட்டுக்குப் பெரும்பாலும் கோதுமை வைக்கோல்தான் போடுறாங்க. சிலிக்கா அதிகமுள்ள நெல் வைக்கோலை அந்த அளவுக்கு விரும்புறதில்ல. அதுக்கு அங்க பேரு பராலி. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் இரு மாநிலங்களும் சட்டம் போட்டு, நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. தண்ணீருக்கு நல்லது. ஆனா அறுவடையும் தள்ளிப்போச்சு. அடுத்து கோதுமை விதைக்க இருக்கிற இடைவெளி ரெண்டு மூணு வாரமா சுருங்கிடுச்சு. அறுவடை இயந்திரம் தட்டையைப் பாதி நிறுத்திட்டு, மீதியை வயல்லயே கொட்டிட்டுப் போகும். ஆள் வெச்சு அள்ள நேரமும் இல்ல, கூலியும் கட்டுப்படியாகாது. ஒரு தீக்குச்சியோட விலையில வேலை முடிஞ்சிடும்.

இப்போ ஒரு கணக்கு போடுறேன். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல்னு வெச்சுக்குவோம். பானிபட்டுக்கு 2 லட்சம் டன் வேணும்னா 1 லட்சம் ஏக்கர். 20 நாள்ல அள்ளணும்னா நாளைக்கு 5,000 ஏக்கர். ஒரு பேலர் இயந்திரம் நாளைக்கு 20 ஏக்கர் முடிக்கும்னா, ஒரே நேரத்துல 250 பேலர் ஓடணும். லாரிக்கு 10 டன்னு வெச்சா, நாளைக்கு 1,000 லோடு. ஒரு ஆலைக்கு மட்டும் இவ்வளவு.

பஞ்சாபில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுது. அதாவது முழுத்திறனில் ஓடும் 100 பானிபட். இன்னொரு பக்கம், 20 சதவீதம் கலக்க நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி லிட்டர் எத்தனால் வேணும். பானிபட் முழுசா ஓடினா 3 கோடி. பங்க்ல இ20 போடுறப்ப வண்டிக்குள்ள போறது பெரும்பாலும் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும்தான்.

இதனாலதான் இது எனக்கு முக்கியமா படுது. வைக்கோல் ஆலை நின்னா எத்தனால் நிக்காது. தானியத்திலிருந்து எடுப்பாங்க. தட்டுக்குப் போக வேண்டியது டாங்க்குக்குப் போகும். வயல்ல இருக்கிறதும் எரியும்.

"அப்போ இது வேஸ்ட் ப்ராஜெக்டா?"ன்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். டூபான்ட் விட்டுப்போன நெவாடா ஆலையை ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் 2018-ல் வாங்கி, அதே தட்டையிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கத் தொடங்குச்சு. தோத்த ஆலைகள் விட்டுப்போன பாடத்துக்கும் மதிப்பு இருக்கு. அந்தப் பாடம், 900 கோடி ரூபாய் ஆலைக்கு எவ்வளவு யோசிக்கிறோமோ, அதே அளவு பேலருக்கும், லோடுக்கும், சேமிப்புக் கிடங்குக்கும், விவசாயிக்குக் கிடைக்கிற விலைக்கும் யோசிக்கணும். ஹரியானா அரசு வைக்கோலை எரிக்காம கையாள்ற விவசாயிக்கு ஏக்கருக்கு 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பிச்சதை நான் முன்னாடி இலவசம்னு நினைச்சேன். இப்போ அது எனக்குக் கூலியாத் தெரியுது.

போன அறுவடை முடிஞ்சதும் நண்பன்கிட்ட கேட்டேன், "இந்தத் தடவை பராலி என்னடா ஆச்சு?" பேலர்காரர் அஞ்சு நாள்ல வர்றேன்னு சொல்லி, பதினோராவது நாள்தான் வந்தாராம். அதுக்குள்ள கோதுமைக்கு நேரம் போயிடும்னு, அவங்க அப்பா பாதி வயலை எரிச்சிட்டார். மீதிப் பாதி கட்டாகி லாரி ஏறிப் போச்சு.

பிராகோனோவோட அமிலமும் வேலை செஞ்சது. பூகன்வில் பூஞ்சையும் வேலை செய்யுது. கர்னால் பக்கத்துல ஒரு வயலோட பாதி, ஆறு நாள் தாமதத்துல எரிஞ்சது. அடுத்த தடவை "கழிவிலிருந்து எரிபொருள்"னு ஒரு தலைப்பைப் பார்த்தா, நானும் குரூப்ல போடுவேன். ஆனா "சால்வ்ட்"னு எழுத மாட்டேன். யார் கொண்டுபோறாங்கன்னு முதல்ல தேடிப் பார்ப்பேன்.

உங்க ஊர்ல அறுவடை முடிஞ்சதும் வைக்கோல் எங்க போகுது? வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.